வாசகியர் கேள்விகள்: ஹாஸ்பிஸ் இல்லங்களுக்குக் கொடுப்பது எப்படி?

தீராத நோயின் கடைசி மாதங்களில் இருப்பவர்களைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ் இல்லங்களுக்கு உதவுவது பற்றித் தொடர்ந்து கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருப்பதால் கடிதங்களைச் சுருக்கி, பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டுப் பதில் தருகிறோம்.

கேள்வி: என் அம்மா கருப்பைவாய்ப் புற்றுநோயால் ஒரு ஹாஸ்பிஸில்தான் காலமானார். வருடந்தோறும் அவருடைய திதியன்று அங்கே இருப்பவர்கள் எல்லோருக்கும் வடை, பாயசத்தோடு சாப்பாடு போட வேண்டும் என்பது என் ஆசை. நிர்வாகியோ, "அதற்குப் பதில் பணமாகக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டார். பணத்தைக் கட்டிவிட்டு வந்தால் அம்மாவுக்கு ஏதோ செய்ததாகவே மனதில் படவில்லை. அவர் சொன்னது சரிதானா? (திருச்சி)

பதில்: சரிதான். ஆனால் காரணத்தையும் அவர் விளக்கியிருந்தால் உங்களுக்கு இந்த வருத்தம் வந்திருக்காது. நம் நாட்டு ஹாஸ்பிஸ்களுக்கு வருகிறவர்களில் வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகிய இடங்களில் புற்றுநோய் வந்தவர்கள் கணிசமானவர்கள். அவர்களில் பலருக்கு மூக்கு வழியாகவோ வயிற்றில் நேராகவோ போட்ட குழாயில்தான் கஞ்சியும் பாலும் அரைத்த கூழும் போகின்றன. மற்றவர்களுக்கும் குமட்டலோ பசியின்மையோ இருப்பதால் இரண்டு வாய் ரசஞ்சாதம் இறங்கினாலே அன்று நல்ல நாள். நீங்கள் அன்போடு கொண்டுபோகும் வடையை உடனிருப்பவர்களும் பணியாளர்களும் சாப்பிடுவார்கள். படுக்கையில் இருப்பவர் பார்த்துக்கொண்டிருப்பார். போதாததற்கு, ஆடி அமாவாசை, புத்தாண்டு போன்ற நாட்களில் அன்னதானம் செய்ய முன்வருகிறவர்கள் குவிகிறார்கள். சாதாரண செவ்வாய்க்கிழமைகளில் யாரும் வருவதில்லை.

உங்கள் பணம் எங்கே போகிறது என்பதை ஒரே ஒரு வேலையைக் கொண்டு சொல்கிறேன். மார்பிலோ கன்னத்திலோ கட்டி வெடித்துப் புண்ணாகிவிட்டவருக்குத் தினமும் கட்டு மாற்ற வேண்டும். பழைய துணியை இழுத்து எடுத்தால் ரத்தம் பெருகும் என்பதால், உப்புநீரை ஊற்றி ஊற்றி அது தானாக விட்டுவரும் வரை செவிலியர் காத்திருக்கிறார். பிறகு புண்ணைக் கழுவி, துர்நாற்றம் அடங்குவதற்காக மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவி, மேலே காஸ் துணியும் பஞ்சும் வைத்துக் கட்டுகிறார். இன்னொருவர் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு பேருடைய நேரத்தில் அரை மணியாவது இதற்குப் போய்விடும். வீட்டில் உறவினர்கள் அருகில் உட்கார முடியாமல் போனதற்கே அந்த நாற்றம்தான் காரணமாக இருந்திருக்கும். அது அடங்கியதும் பேரப்பிள்ளை கட்டிலருகே வந்து நிற்கிறது. மாத்திரையும் துணியும் பெரிய செலவல்ல. அந்த இரண்டு பேருக்கும் மாதம் முப்பது நாளும், இரவுப் பணிக்கும் சேர்த்துக் கொடுக்கவேண்டிய சம்பளம்தான் பெரிய செலவு. சம்பளத்துக்கு என்று நன்கொடை கொடுக்க ஏனோ யாருக்கும் மனம் வருவதில்லை.

திதியன்று இல்லத்தின் ஒரு நாள் செலவையோ, அதில் உங்களால் முடிந்த பங்கையோ அம்மாவின் பெயரில் கட்டுங்கள். விழுங்க முடிகிறவர்களுக்கு மட்டும் அவர்கள் சமையலறையிலேயே கொஞ்சம் பாயசம் வைக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கேள்வி: ஹாஸ்பிஸும் முதியோர் இல்லமும் ஒன்றுதானா? எங்கள் ஊர் முதியோர் இல்லம் ஒன்று "அந்திமகாலப் பராமரிப்பு" என்று பலகை வைத்து நன்கொடை கேட்கிறது. (கும்பகோணம்)

பதில்: ஒன்றல்ல. ஹாஸ்பிஸில் வயது ஒரு கணக்கே இல்லை. இருபது வயதுப் பெண்ணும் இருப்பார். நோயைக் குணப்படுத்தும் கட்டம் கடந்துவிட்டவருக்கு வலி, மூச்சுத்திணறல், புண், மனக்கலக்கம் ஆகியவற்றைத் தணிக்க மருத்துவரும் பயிற்சி பெற்ற செவிலியரும் அங்கே இருந்தாக வேண்டும். பலகையைப் பார்த்துக் குழம்பாமல், "மார்ஃபின் இருப்பு வைத்து வழங்க உங்களுக்கு அங்கீகாரம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். கடும் வலிக்கு அதுதான் அடிப்படை மருந்து. அதை வைத்திருக்க அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் என்ற தகுதி வேண்டும். கேள்வியே புரியாமல் விழித்தால், அது நல்ல முதியோர் இல்லமாக இருக்கலாம், ஹாஸ்பிஸ் இல்லை.

கேள்வி: எனக்கு மாதாமாதம் வரும் தையல் வருமானத்தில் 500 ரூபாயை ஒரு ஹாஸ்பிஸுக்கு அனுப்புகிறேன். "சாகப்போகிறவர்களுக்குக் கொடுப்பதைவிட ஒரு பிள்ளையின் படிப்புக்குக் கொடுத்தால் பயன் உண்டு" என்கிறார் என் கணவர். என்ன பதில் சொல்வது? (சேலம்)

பதில்: உங்கள் கணவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பலரும் நினைப்பதைத்தான் அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அதனாலேயே இந்தத் துறைக்குப் பணம் வருவது கடினமாக இருக்கிறது. பிழைத்தெழுந்தவரின் படத்தைப் போட்டு நன்றிக் கடிதம் அனுப்ப ஒரு ஹாஸ்பிஸால் முடியாது.

ஆனால் "பயன்" என்பதை அவர் நோயாளியோடு நிறுத்திக்கொள்கிறார். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் ஒருவர் படுத்துவிட்டால் வேலையை விடுபவள் மனைவியோ மகளோ மருமகளோதான். சில வீடுகளில் பத்தாவது படிக்கும் பெண் பள்ளியை நிறுத்திவிட்டு அப்பாவுக்குக் கட்டு மாற்றுகிறாள். ஹாஸ்பிஸ் அவரைச் சேர்த்துக்கொண்டாலோ, அதன் நடமாடும் குழு வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து போனாலோ அந்தப் பெண் பள்ளிக்குத் திரும்புகிறாள். ஆகவே, உங்கள் 500 ரூபாயில் ஒரு பிள்ளையின் படிப்பும் சேர்ந்தே இருக்கக்கூடும் என்று அவரிடம் சொல்லுங்கள்.

வலியைப் பற்றியும் சொல்லுங்கள். மார்ஃபின் அபினிலிருந்து எடுக்கப்படும் மருந்து என்பதால், 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளுக்கு அஞ்சிப் பல மருத்துவமனைகள் அதை வாங்குவதையே கைவிட்டன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எண்ணற்ற நோயாளிகள் தாங்க முடியாத வலியோடு இறந்தார்கள். 2014இல் சட்டம் திருத்தப்பட்டுச் சிக்கல் ஓரளவு தளர்ந்தது. மாத்திரை விலை குறைவுதான். அதை எழுதிக்கொடுக்கத் தெரிந்த மருத்துவரும், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் கொடுத்து, மலச்சிக்கல் வராமல் கவனிக்கும் செவிலியரும்தான் போதவில்லை. கடைசியாக ஒன்று: அது நீங்கள் தைத்துச் சம்பாதித்த பணம்.

கேள்வி: கல்லூரியில் சமூகப்பணி படிக்கிறேன். ஹாஸ்பிஸ் என்பது மேலைநாட்டுக் கன்னியாஸ்திரீகள் கொண்டுவந்தது என்றும், நம் பெண்களுக்கும் இத்தகைய கொடைக்கும் தொடர்பில்லை என்றும் வகுப்பில் ஒருவர் வாதிட்டார். உண்மையா? (சென்னை)

பதில்: முதல் பாதி ஓரளவு உண்மை, இரண்டாவது பாதி தவறு.

1842இல் பிரான்சின் லியோன் நகரில் ழான் கார்னியே என்ற பெண், தீராத புற்றுநோயால் கைவிடப்பட்ட பெண்களுக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார். கணவரையும் பிள்ளைகளையும் இழந்தவர் அவர். அவரோடு சேர்ந்தவர்களும் கைம்பெண்களே. கன்னியாஸ்திரீகள் அல்லர், துறவு நேர்ச்சை எதுவும் எடுத்தவர்களும் அல்லர். தங்கள் வருமானத்திலிருந்து பணம் தந்தார்கள், மற்றவர்களிடம் திரட்டினார்கள், தாங்களே புண்களுக்குக் கட்டும் போட்டார்கள். அதே வழியில் 1874இல் பாரிஸிலும், 1899இல் நியூயார்க்கிலும் இல்லங்கள் எழுந்தன. அயர்லாந்தில் மேரி ஐக்கன்ஹெட் நிறுவிய கன்னியர் சபை 1879இல் டப்ளினிலும், 1905இல் லண்டனின் ஹாக்னி பகுதியிலும் ஹாஸ்பிஸ் திறந்தது. அந்த ஹாக்னி இல்லத்தில் பணியாற்றி வலி நிவாரணத்தை முறையாக ஆராய்ந்தவர் ஆங்கிலேய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ். அவர் 1967இல் லண்டனில் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டபர்ஸ் ஹாஸ்பிஸுக்கு முதல் நன்கொடை, 1948இல் புற்றுநோயால் இறந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூத அகதி விட்டுச்சென்ற 500 பவுண்ட். அந்தப் பணம் கட்டடமாக மாறப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. கொடுத்த மறுமாதமே பலனைக் காட்டச் சொல்லும் நன்கொடையாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். சென்னையில் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று அரசிடம் கேட்டுக் கேட்டு, ஆதரவு கிடைக்காத நிலையில், 1917இல் அடையாறில் தொடங்கப்பட்டிருந்த இந்திய மாதர் சங்கத்தின் வழியாகப் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கிப் பணம் திரட்டினார். 1952இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அது ஹாஸ்பிஸ் அல்ல, சிகிச்சை நிலையம்தான். ஆனால் புற்றுநோய் என்றால் சாவுதான், அதற்கு எதற்கு மருத்துவமனை என்று கேட்கப்பட்ட காலத்தில், ஒரு மகளிர் சங்கம் மக்களிடம் கையேந்தி அதைக் கட்டியது. அந்த மரபு இருக்கும்போது நம் பெண்களுக்குத் தொடர்பில்லை என்று எப்படிச் சொல்வது?

இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸான சாந்தி அவேதனா 1986இல் மும்பையில் வந்தது. 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து தொடங்கிய வலி நிவாரணச் சங்கமும், பிறகு மலப்புறம் மாவட்டத்தில் பரவிய அக்கம்பக்கத்தார் கூட்டமைப்பும், பெரிய கொடையாளிகளை நம்பாமல் கடைக்காரர்களும் மாணவர்களும் இல்லத்தரசிகளும் தரும் சில்லறைத் தொகையில் வீடுவீடாகப் போகும் குழுக்களை நடத்திக்காட்டின. 2008இல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. உங்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால் லண்டனுக்குப் போக வேண்டாம், மலப்புறத்துக்குப் போங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் பெண்கள் சிலர் சேர்ந்து ஆளுக்கு மாதம் 300 ரூபாய் போட்டு ஒரு ஹாஸ்பிஸுக்குக் கொடுக்க நினைக்கிறோம். சீட்டு பிடிப்பதுபோல ஒருவர் வசூலித்து அனுப்பினால் போதுமா? கணக்கு எப்படி வைப்பது? (மதுரை)

பதில்: குழுவாகச் சேர்வது மிக நல்லது, பணத்தை ஒருவர் கையில் சேர்ப்பதுதான் நல்லதல்ல. ஒருவர் கணக்கில் எல்லோர் பணமும் வந்து அங்கிருந்து போனால் ரசீது அவர் பெயருக்கே வரும், வரிச்சலுகையும் அவருக்கே போகும். நாளைக்கு வருமான வரித்துறை கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. மூன்றாவது மாதம் யாராவது தராமல் விட்டால், வசூலிப்பவர் கைப்பணத்தைப் போட்டு நிரப்பிவிட்டு மனத்தாங்கலோடு இருப்பார். ஒவ்வொருவரும் தம் கணக்கிலிருந்து நேரடியாக அறக்கட்டளைக்கு யுபிஐ மூலமோ தானியங்கிப் பற்று மூலமோ அனுப்பட்டும். குழு செய்யவேண்டிய வேலை வேறு: இடத்தைத் தேர்ந்தெடுப்பது, கணக்கைப் படிப்பது, யாருக்காவது ஒரு மாதம் முடியாமல் போனால் அதைக் கேள்வியாக்காமல் இருப்பது.

80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய, நன்கொடைக்கான வரிச்சலுகையைப் பற்றி மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான் அது உண்டு; புதிய வரிமுறையில் இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. அரிசி, சக்கர நாற்காலி, மெத்தை என்று பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. வருமான வரியே கட்டாத இல்லத்தரசிகளுக்கு இது எதுவும் பொருட்டல்ல. என்றாலும் ரசீதைக் கேட்டு வாங்கும் பழக்கம் இருக்கட்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்குமுன் தணிக்கை செய்யப்பட்ட ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். அதில் சம்பளச் செலவு அதிகமாக இருப்பதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். முன்பே சொன்னதுபோல் ஹாஸ்பிஸ் என்பதே ஆட்களின் உழைப்புதான். சம்பளம் குறைவாகவும் கட்டடச் செலவு அதிகமாகவும் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். நோயாளியிடம் பணம் வாங்குகிறார்களா, இரவில் செவிலியர் இருக்கிறாரா, வீட்டுக்குப் போகும் குழு உண்டா என்றும் விசாரியுங்கள்.

தொகை சிறியது என்று கூச்சப்பட வேண்டாம். பத்துப் பேர் ஆளுக்கு 300 ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 36,000 ரூபாய். அதே 36,000 ரூபாயை ஒருவர் ஒரே நாளில் கொடுத்துவிட்டு மறந்துவிடுவதைவிட, மாதம் 3,000 ரூபாய் தவறாமல் வரும் என்று தெரிந்தால் நிர்வாகி ஒரு பகுதிநேர உதவியாளரை வேலைக்கு வைக்கத் துணிவார். மாதச் சம்பளத்தை எந்த மாதமும் தள்ளிப்போட முடியாது என்பது அவருடைய கஷ்டம். உங்கள் குழு போக்குவது அதைத்தான். வேலைக்கு வைத்தவரை நட்டாற்றில் விடாதபடி, குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்வோம் என்று உங்களுக்குள் முடிவு செய்துகொண்டு தொடங்குங்கள்.

கேள்வி: எனக்கு 71 வயது. கணவர் இல்லை. என் கல்யாண நகைகளையும், நான் இறந்தபின் வீட்டையும் என் தங்கை கடைசியாக இருந்த ஹாஸ்பிஸுக்குக் கொடுக்க விரும்புகிறேன். "அதெல்லாம் குடும்பச் சொத்து, உங்களால் கொடுக்க முடியாது" என்கிறான் மகன். (கோவை)

பதில்: அம்மா, உங்களுக்குச் சீதனமாக வந்த நகைகள் உங்களுடையவை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன் 14ஆம் பிரிவின்படி ஒரு பெண்ணின் கையில் இருக்கும் சொத்துக்கு அவரே முழு உரிமையாளர். மகனின் கையெழுத்தோ சம்மதமோ தேவையில்லை. வீட்டைப் பொறுத்தவரை, பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உங்கள் பெயரில் நீங்கள் வாங்கியதென்றால் விருப்பம்போல் உயில் எழுதலாம். கணவர் சம்பாதித்து, உயில் எழுதாமல் போன வீடென்றால், நீங்களும் பிள்ளைகளும், மாமியார் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவரும் சம பங்காளிகள்; உங்கள் பங்கை மட்டுமே நீங்கள் எழுதிவைக்க முடியும்.

வீட்டை உயிரோடிருக்கும்போதே தானப்பத்திரமாகப் பதிவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். அதைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். உங்களுக்கும் நோய், முதுமை எல்லாம் வரும், கூரை வேண்டும். உயில் போதும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுவது பின்னால் வழக்கைத் தவிர்க்கும். அறக்கட்டளையின் முழுப்பெயரையும் பதிவு எண்ணையும் உயிலில் எழுதுங்கள். "அந்த ஆஸ்பத்திரிக்கு" என்று எழுதி வீணாய்ப்போன உயில்கள் உண்டு. நகைகளை விற்றுக் கொடுத்தால், அந்தத் தொகை மூலதன நிதியாக வைக்கப்பட்டு வட்டி மட்டுமே செலவாக வேண்டும் என்று கடிதத்தில் தெளிவாக எழுதிக்கொடுக்கலாம். விற்பதற்கு முன் ஒரு கணக்காயரிடம் மூலதன ஆதாய வரியைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகனிடம் சட்டத்தைக் காட்டுவதற்கு முன், உங்கள் தங்கையின் கடைசி நாட்களைப் பற்றி அவரிடம் எப்போதாவது உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? பேசிப்பாருங்கள். அவருக்கு எதுவும் தெரியாமல்கூட இருக்கலாம்.

கேள்வி: சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஹாஸ்பிஸுக்கு மாதாமாதம் அனுப்ப ஆசை. அம்மாவின் வங்கிக் கணக்குக்கு அனுப்பி, அவரைக் கட்டச் சொல்லலாமா? (சிங்கப்பூர்)

பதில்: வேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. நீங்கள் குடியுரிமை மாறிவிட்டதால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், உங்கள் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற நிறுவனம் மட்டுமே, பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள தனிக் கணக்கில் அதைப் பெறலாம். அம்மா வழியாகச் சுற்றி அனுப்பினால் மாட்டிக்கொள்வது அந்த இல்லம்தான். அந்த இல்லத்துக்குப் பதிவு இல்லையென்றால், சிங்கப்பூரிலேயே அசிசி, டோவர் பார்க் போன்ற ஹாஸ்பிஸ்கள் நன்கொடையை நம்பி நடக்கின்றன.

கேள்வி: மகளின் பிறந்தநாளை ஹாஸ்பிஸில் கேக் வெட்டிக் கொண்டாடலாமா? படம் எடுத்துப் போட்டால் மற்றவர்களும் கொடுப்பார்களே! (திருநெல்வேலி)

பதில்: கூடாது. தலைமுடி கொட்டி, முகம் உருமாறிப் படுத்திருப்பவர் தம்மைப் படமெடுக்க யாருக்கும் அனுமதி தரவில்லை. பணத்தை அனுப்பிவிட்டு, கேக்கை வீட்டில் வெட்டுங்கள்.

கேள்வி: கொடுக்க என்னிடம் பணம் இல்லை. வீட்டு வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரம் இருக்கிறது. நான் ஏதாவது செய்ய முடியுமா? (விழுப்புரம்)

பதில்: முடியும். சில ஹாஸ்பிஸ்களும் வலி நிவாரண மையங்களும் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தருகின்றன. படிப்புத் தகுதியை விட, வாக்குக் கொடுத்த நாளில் வந்து நிற்பதைத்தான் பார்ப்பார்கள். தலை சீவிவிடுவது, நகம் வெட்டுவது, உடனிருக்கும் மகள் குளித்துச் சாப்பிட்டு வரும்வரை கட்டிலருகே உட்கார்ந்திருப்பது என்று வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் யாராவது படுக்கையில் இருந்தால், அரசின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து, வலியையும் துன்பத்தையும் தணிக்கும் ஆதரவு சிகிச்சை தரும் குழு உண்டு என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி ஏற்பாடு செய்துகொடுங்கள், அதுவும் உதவிதான்.

நீங்கள் வேலை செய்யும் வீடுகளில் பழைய பருத்திப் புடவை, வேட்டி இருந்தால் கேட்டு வாங்குங்கள். படுக்கையில் விரிக்க, ஈரம் துடைக்க, உடம்பைத் திருப்பிப் படுக்கவைக்க மெல்லிய பருத்தித் துணி ஓயாமல் தேவைப்படும். துவைத்து வெயிலில் காயவைத்து, ஜரிகையும் பாலியஸ்டரும் கலக்காததாகப் பிரித்தெடுத்து, எவ்வளவு வேண்டும் என்று இல்லத்தில் கேட்டபிறகு கொண்டுபோய்க் கொடுங்கள்.